வாய்க்கா எங்க மாப்ள?

போன வருஷம் மாசில ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட லேப்டாப்ப தொறந்து நான் போட்ட மேப்ப காட்டுனேன். பெருமைக்குத்தான், வேற ஒண்ணுமில்ல. கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துல ஒரு ஏரியாவுக்கு நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு கலர் கலரா போட்டிருந்தேன், அடர் நீலம்னா தண்ணி மேல இருக்கு, செவப்புன்னா அடில கிடக்கு. மாமாவோட காடும், அதாவது வெவசாய நிலமும், அந்த மேப்புக்குள்ள வருது. அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ஸ்க்ரீன்கிட்ட மொகத்த கொண்டுபோயி ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்தாரு, அப்புறம் "கலரெல்லாம் ஜோரா இருக்குது மாப்ள, வாய்க்கா எங்க?"ன்னாரு. "இது நிலத்தடி நீர் மேப்புங் மாமா, கெணத்து அளவ வெச்சு போட்டது, இதுல வாய்க்கா வராது"ன்னேன். "அதத்தான் கேக்கறேன், வாய்க்கா இல்லாம அந்தக் கெணத்துக்கெல்லாம் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

அதோட விட்டிருந்தா பரவால்ல. வாய்க்காலுக்கு மேப்பக்கம் மேடா கிடக்குற மேட்டுக்காட்டுப் பக்கம் விரல வெச்சு "இதென்ன நீலமா இருக்குது"ன்னு கேட்டாரு. அங்க தண்ணி ஏழு மீட்டர்ல இருக்குன்னு மேப்பு சொல்லுதுங்கன்னேன், அதாவது 23 அடி. அவரு சிரிக்கல, சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அத்தைய கூப்பிட்டு "நம்ம மேட்டுக்காட்டுக் கெணத்துல 23 அடில தண்ணி இருக்குதாமா, நமக்குத்தான் தெரியல"ன்னாரு. அத்த அப்ப கறிவேப்பிலை உருவிட்டு இருந்தாங்க, நிமிர்ந்துகூட பார்க்கல. அந்தக் கெணத்துல அன்னைக்கு தண்ணி கிடந்தது 56 அடில.

அந்த 23-க்கும் 56-க்கும் நடுவுல இருக்குற 33 அடிதான் இந்தப் பதிவு. ஒரு வருஷமா அது என்னைய தூங்க விடலன்னு சொன்னா மிகைதான், ஆனா வேற எந்த மேப்ப தொறந்தாலும் "வாய்க்கா எங்க"ன்னு ஒரு குரல் கேக்குது.

மொதல்ல நான் என்ன பண்ணேன்னு சொல்லிடறேன். கண்காணிப்புக் கெணறுகளோட அளவு இருந்துச்சு, அதோட ஒரு ப்ராஜெக்ட்ல சேகரிச்ச அளவும் சேர்த்து நாப்பது சொச்சம் புள்ளி, எல்லாம் ஜனவரி மாசத்துது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவ அளக்குது, அதுல ஜனவரி ஒண்ணு. இந்தப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்குற எடத்துக்கெல்லாம் அளவு கிடையாது, அத நிரப்பணும், அதுக்கு கிரிகிங்குன்னு ஒரு கணக்கு முறைய போட்டேன். மேப்பு போடற ஜிஐஎஸ் சாஃப்ட்வேர்ல அது ஒரு பட்டன். அழுத்துனா அரை நிமிஷத்துல மொத்த ஏரியாவுக்கும் வழவழன்னு கலர் பூசிக் குடுத்துரும். அந்த வழவழப்புதான் பிரச்சனையே, அளக்காத எடமும் அளந்த எடமும் ஒரே பளபளப்புல இருக்கும், எது எதுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியாது. போட்டவனுக்கும் ஒரு வாரத்துல மறந்துரும்.

தங்கம் நகராது

கிரிகிங்குங்கற பேரே ஒரு மனுஷன் பேருதான். டேனி கிரீகே, தென்னாப்பிரிக்காவுல சுரங்க இன்ஜினியர். விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத்துல அங்கொண்ணு இங்கொண்ணா எடுத்த சாம்பிள வெச்சுகிட்டு, நடுவுல இருக்குற பாறைல எவ்வளவு தங்கம் இருக்கும்னு எப்படி கணிக்கறதுன்னு மண்டைய ஒடச்சிருக்காரு, 1951-ல முதுகலை ஆய்வா அத எழுதுனாரு. அப்புறம் 1960-கள்ல ஜார்ஜ் மாத்தெரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதுக்கு முழு கணக்குச் சட்டம் போட்டு கிரீகே பேரையே வெச்சாரு. விஷயம் எளிசுதான், பக்கத்து பக்கத்துல இருக்குறது ஒண்ணுபோல இருக்கும், தூரம் போகப்போக அந்த ஒத்துமை குறையும், எவ்வளவு வேகமா குறையுதுன்னு நம்ம கையில இருக்குற அளவுகளையே கேட்டுப் பார்த்து ஒரு வளைவு போட்டுக்கணும். அதுதான் வேரியோகிராம். அத வெச்சு எந்தக் கெணத்தோட பேச்சுக்கு எவ்வளவு மரியாத குடுக்கறதுன்னு முடிவாகும். அந்த வளைவு பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்காம கொஞ்சம் மேலருந்து ஆரம்பிச்சா அந்த ஏத்தத்துக்கு நக்கெட்னு பேரு, நக்கெட்னா தங்கக் கட்டி. ரெண்டு சாம்பிள் ஒட்டி ஒட்டி எடுத்தாலும் ஒண்ணுல கட்டி மாட்டும், ஒண்ணுல வெறும் கல்லு.

நம்ம கொங்கு நாட்டுல போர் போட்ட யாருக்கும் இத வெளக்கவே வேண்டாம். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி வந்து நிக்கும், ஒரு எடத்துல ஓட்டுனா ரெண்டு இஞ்சு தண்ணி, அறுபது அடி தள்ளி ஓட்டுனா ஆயிரம் அடி வரைக்கும் தண்ணி இல்லாம வெறும் பாறைத்தூள் புகை. கீழ இருக்குறது கெட்டிப் பாறை, தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு அப்படித்தான். மேல சிதைஞ்ச பாறை ஒரு அடுக்கு, அதுல கெணத்துத் தண்ணி, அதுக்குக் கீழ வெடிப்பு எங்க ஓடுதோ அங்க மட்டும் போர்த் தண்ணி. கெணத்து மட்டமும் ஆயிரம் அடி போரு மட்டமும் ஒரே தண்ணி கிடையாது, ஆனா நெறைய டேட்டா ஷீட்ல ரெண்டும் ஒரே காலம்ல உக்காந்திருக்கும். என்னோட ஷீட்லயும் அஞ்சாறு போரு கலந்து கிடந்துச்சு. அத எடுத்து வெளிய வெச்சதுக்கே வேரியோகிராம் பாதி ஒழுங்காயிருச்சு, இத மாமாகிட்ட காட்டறதுக்கு முன்னாடி பண்ணிருக்கணும், பண்ணல.

ஆனா என்னைய ரொம்ப உறுத்துனது வேற. கிரீகே தேடுன தங்கம் அங்கயே கிடக்கும். நேத்து இருந்த எடத்துல இன்னைக்கும் இருக்கும், மேட்டுல இருந்து பள்ளத்துக்கு ஓடாது, வாய்க்கால்ல தண்ணி விட்டா ஏறாது, பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டார் போட்டா எறங்காது. தங்கத்துக்கு கண்டுபிடிச்ச கணக்க தண்ணிக்குப் போடறது தப்பில்ல, உலகம் பூரா போடறாங்க. ஆனா தண்ணிக்குன்னு ஒரு புத்தி இருக்கு, 1856-லயே ஹென்றி டார்சிங்கற பிரெஞ்சு இன்ஜினியர் டிஜான் ஊருக்கு குடிதண்ணி வேலை பார்த்தப்ப மணல் குழாய்ல தண்ணி விட்டுப் பார்த்து அத எழுதி வெச்சுட்டாரு, மட்டம் ஒசரமா இருக்குற பக்கத்துலருந்து தாழ்வான பக்கத்துக்கு, சரிவுக்குத் தகுந்த வேகத்துல போகும். பட்டன் அழுத்துன அரை நிமிஷத்துல என் கம்ப்யூட்டர் டார்சிய பத்தி ஒரு வார்த்தகூட யோசிச்சிருக்காது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் புள்ளி, புள்ளிக்கு நடுவுல தூரம், அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து இருக்கு. கிரிகிங் மேப்போட கூடவே "எங்க எவ்வளவு நம்பலாம்"னு ஒரு பிழை மேப்பும் வரும், இதுக்காகத்தான் எல்லாரும் கிரிகிங்க மத்த முறைகளவிட ஒசத்தியா சொல்லுவாங்க. நானும் மாமாகிட்ட தோத்த அன்னைக்கு ராத்திரி அந்த மேப்ப தொறந்து மேட்டுக்காட்டப் பார்த்தேன். நம்பலாம்னு சொல்லுச்சு. ஏன்னா அரை கிலோமீட்டர்ல, வாய்க்காலுக்குக் கீழ, எனக்கு நாலு புள்ளி இருந்துச்சு. அந்த வழக்கமான பிழை மேப்புக்கு கெணத்துல என்ன அளவு வந்துச்சுன்னே அக்கறை கிடையாது, புள்ளிங்க எப்படி சிதறிக் கிடக்குதுன்னும் வேரியோகிராமையும் மட்டும்தான் பார்க்கும். நடுவுல வாய்க்கால் ஓடுனாலும் மலையே இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். புள்ளிங்களும் எங்க இருந்துச்சுன்னு பார்த்தா பூரா வாய்க்காலுக்குக் கீழ, வாய்க்கா தண்ணி பாயற ஆயக்கட்டுல, ஊருக்குள்ள, ரோட்டோரத்துல. வண்டி போற எடத்துலதான் கெணறு அளக்கப்படும், மேட்டுக்காட்டுக்கு யாரு போறாங்க? ஈரமான பக்கத்துல மட்டும் கேட்டுட்டு வந்து காஞ்ச பக்கத்துக்கும் சேர்த்து தீர்ப்பு சொல்லிருக்கேன்.

ஹெட்டு

மறுநாள் காலைல மாமாவோட போயி ரெண்டு கெணத்தையும் நானே அளந்தேன். போறதுக்கு முன்னாடியே "கரண்ட் எப்ப வரும்"னு கேட்டு வெச்சுகிட்டாரு, த்ரீ பேஸ் வந்துட்டா ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டாரெல்லாம் தன்னால ஓடும், அப்புறம் அளக்கறது கெணத்தோட மட்டமில்ல மோட்டாரோட மட்டம். இதையும் நான் யோசிச்சதில்ல, என்னோட நாப்பது புள்ளில எத்தன கரண்ட் இருக்கறப்ப அளந்ததோ, ஷீட்ல தேதி இருக்கு, மணி இல்ல. வாய்க்காலுக்குக் கீழ இருக்குற கெணத்துல 10 அடி, அது என் ஜனவரி அளவோட ஒத்துப்போச்சு. மேட்டுக்காட்டுக் கெணத்துல 56 அடி. 46 அடி வித்தியாசம், நடுவுல அரை கிலோமீட்டர்கூட இருக்காது.

மேட்டுக்காட்டுத் தொட்டி மேல உக்காந்து நான் சும்மா பேச்சுவாக்குல "கீழ்க் கெணத்துல இருந்து இங்க எத்தன அடி மேடு இருக்குமுங் மாமா"ன்னு கேட்டேன். தோராயமா ஏதாச்சும் சொல்லுவாருன்னு பார்த்தா டக்குனு "43 அடி ஹெட்டு"ன்னாரு. நான் திரும்பிப் பார்த்தேன். கீழ்க் கெணத்துல இருந்து இந்தத் தொட்டிக்கு பைப் லைன் போட்டப்ப மோட்டார் வாங்க ஹெட்டு, அதாவது தண்ணிய எத்தன அடி ஒசரத்துக்கு ஏத்தணும்னு தெரியணும், அதுக்கு தண்ணி ரொப்புன லெவல் ட்யூப் புடிச்சு, பத்து பத்து அடியா வெச்சு அளந்திருக்காங்க, கெணத்து மேட்டுலருந்து தொட்டி நிக்கற தரை வரைக்கும் 43 அடி. தப்பா சொல்லிருந்தா மோட்டார் தண்ணி ஏத்தியிருக்காது, அதனால அந்த எண்ணு மாமாவுக்கு மறக்கவே மறக்காது. நிலத்தடி நீர் பாடப்புத்தகத்துல முதல் பக்கத்துலருந்து கடைசி பக்கம் வரைக்கும் இருக்குற வார்த்தையும் இதேதான், ஹெட்டு. காலேஜ்ல மூணு வருஷம் படிச்சும் எனக்கு அது ஒரு ஃபார்முலாவுல இருக்குற எழுத்து, அவருக்கு அது 5 ஹெச்பியா ஏழரை ஹெச்பியாங்கற காசுக் கணக்கு.

அப்பத்தான் எனக்கு வயித்த பெசைஞ்சது. கீழ்க் கெணத்து மேட்ட பூஜ்யம்னு வெச்சுக்கங்க, அங்க தண்ணி கீழ 10 அடில. மேட்டுக்காட்டுத் தரை 43 அடி ஒசரம், அங்க தண்ணி 56 அடி கீழ, அப்ப 43-ல 56 போனா பூஜ்யத்துக்குக் கீழ 13 அடி. 10-ம் 13-ம். ரெண்டு கெணத்துத் தண்ணிக்கும் நடுவுல மட்ட வித்தியாசம் வெறும் மூணு அடி! நான் 46 அடின்னு பார்த்துட்டு இருந்ததுல முக்கால்வாசிக்கு மேல தண்ணியோட வித்தியாசமே இல்ல, தரையோட வித்தியாசம். தண்ணி கிட்டத்தட்ட அதே எடத்துலதான் படுத்திருக்கு, மேல இருக்குற மண்ணுதான் ஏறியிருக்கு. நான் பண்ண அடிப்படைத் தப்பு என்னன்னா ஆழத்த எடுத்து கிரிகிங் போட்டேன். ஆழங்கறது தரையும் தண்ணியும் சேர்ந்த கலவ, தரை எங்க குதிக்குதோ அங்க ஆழமும் குதிக்கும், அத வழவழன்னு பூசவே கூடாது. கடல் மட்டத்துலருந்து தண்ணி எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு மொதல்ல மாத்திக்கணும், அந்த மட்டத்த பூசணும், கடைசில தரை ஒசரத்துலருந்து கழிச்சு ஆழத்த எடுக்கணும். இது எந்தப் பாடத்துலயும் இருக்கு. எனக்கும் தெரியும். பரீட்சைல கேட்டா எழுதியிருப்பேன். ஆனா டேட்டா ஆழமா வந்துச்சு, மேப்பு கேட்டவங்களும் ஆழமா கேட்டாங்க, நானும் ஆழமாவே போட்டுட்டேன், அவ்வளவுதான் காரணம், இதவிட கேவலமான காரணம் கிடையாது.

தரை ஒசரத்துக்கு வழக்கமா எஸ்ஆர்டிஎம் எடுப்போம், 2000 பிப்ரவரில விண்கலம் பறந்து ரேடார்ல எடுத்த ஒசர மேப்பு, 30 மீட்டருக்கு ஒரு கட்டம். ஒட்டுமொத்த சரிவு காட்ட அருமையானது. ஆனா ஒரு கெணத்து மேட்டுக்கு அது சொல்ற ஒசரத்துல சில மீட்டர் முன்ன பின்ன இருக்கலாம், தென்னந்தோப்பா இருந்தா மர உச்சியையும் பாதி சேர்த்துக்கும். நான் பேசிட்டு இருக்கறது மூணு அடி. விண்கலத்தோட பிழைக்குள்ள மாமாவோட மூணு அடி காணாமப் போயிரும். லெவல் ட்யூப்ல புடிச்ச 43 அடிதான் அன்னைக்கு என்கிட்ட இருந்த ஒரே நம்பிக்கையான எண்ணு.

இன்னொரு விஷயமும் அந்தத் தொட்டி மேலயே ஒறைச்சது. மேட்டுல தண்ணி மூணு அடி தாழ்வா இருக்கு. நாங்க படிச்சதெல்லாம் நிலத்தடி நீர்மட்டம் தரையோட மேடு பள்ளத்த கொஞ்சம் அமுக்கி வரைஞ்ச மாதிரி இருக்கும், மேட்டுல ஒசரமா, பள்ளத்துல தாழ்வா. அதனாலதான் தரை ஒசரத்தையே துணைக்கு வெச்சு கிரிகிங் பண்ற முறை இவ்வளவு பிரபலம். அது எல்லா எடத்துலயும் உண்மையில்லன்னு 2005-ல ஹைட்ஜெமாவும் மிச்செல்-ப்ரூக்கரும் எழுதுனாங்க, மழையில உள்ள எறங்கற தண்ணி கம்மியா இருந்து பாறை வழியா சுலபமா ஓடிப்போகும்னா மட்டம் தரைய பின்பத்தாதுன்னு. இங்க கதை அதவிட மோசம், மேட்டுல இருக்கறவங்க போட்டி போட்டு எறைக்கறாங்க, பள்ளத்துல வாய்க்கால் ஊட்டுது, சரிவே தலைகீழா ஆயிருச்சு. தரை ஒசரத்த துணைக்கு வெச்சு போட்டிருந்தா இன்னும் அழகா, ஓடை ஓடையா டீட்டெயில் தெரியற மேப்பு வந்திருக்கும், மேட்டுக்காட்டுல இன்னும் பெரிய பொய்யா இருந்திருக்கும். பாக்கறவங்க அதத்தான் மொதல்ல நம்புவாங்க.

வாய்க்கால உள்ள கொண்டு வந்த கதை

கீழ்பவானி வாய்க்கால் பத்தி தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, பவானிசாகர்ல ஆரம்பிச்சு 200 கிலோமீட்டர் ஓடுற மண் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி பாதி ஆயக்கட்டுக்கு நஞ்சைக்குத் தண்ணி, ஜனவரிக்கு மேல மீதிப் பாதிக்கு புஞ்சைக்கு, அடுத்த வருஷம் மாத்திப் போடுவாங்க. யாரு முறையா இருந்தாலும் மெயின் வாய்க்கால்ல தண்ணி ஓடத்தான் செய்யும், ஓடற வரைக்கும் கசியும். அந்தக் கசிவுக்குத்தான் அங்க இவ்வளவு மரியாத. கான்கிரீட் போடறதா வேண்டாமான்னு இத்தன வருஷமா விவசாயிகளே ரெண்டு அணியா நிக்கறதும் அதனாலதான், கடைமடைக்காரருக்குக் கசிவுன்னா களவுபோன தண்ணி, வாய்க்காலோரத்துக்காரருக்குக் கெணத்து ஊத்து. நிலத்தடி நீர் மதிப்பீட்டு விதிமுறைப்படி ஓரளவு களி கலந்த மண் வாய்க்கால்னா நனையற ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 150-லருந்து 200 லிட்டர் வரைக்கும் எறங்கும்னு வெச்சுக்கறாங்க, தளம் போட்டுட்டா அதுல அஞ்சுல ஒரு பங்கு. பாறை நாட்டுல இது பெரிய சங்கதி, ஏன்னா களி கலந்த சிதைஞ்ச பாறைல நூறு லிட்டர் கன அளவுக்கு ஒன்றரை லிட்டர்தான் தண்ணி நிக்க எடம்னு அதே விதிமுறை சொல்லுது. அதாவது 15 மில்லிமீட்டர் தண்ணி உள்ள போனாலே மட்டம் ஒரு மீட்டர் ஏறிரும். எறைச்சாலும் அதே வேகத்துல எறங்கிரும். காவிரிக் கரை மணல்ல இருக்கறவங்களுக்கு இந்தப் பதட்டம் புரியாது, அங்க விதிமுறைப்படியே 16 சதவீதம் எடம்.

ஊருக்குப் போயிட்டு வந்து ஒரே மூச்சுல திருத்துனேன். வாய்க்கால் நெடுக நூறு மீட்டருக்கு ஒரு புள்ளியா போலிக் கெணறு நட்டு, அதுக்கெல்லாம் வாய்க்கால் தண்ணியோட மட்டத்தையே நிலத்தடி மட்டம்னு குடுத்தேன். ஆறு, ஏரி பக்கத்துல இப்படிப் பண்றது வழக்கம்தான். போட்டுப் பார்த்தா வாய்க்கால் ரெண்டு பக்கமும் ஒரு நீலக் கரை கட்டி நிக்குது, பார்க்க கம்பீரமா இருக்கு, மேட்டுக்காட்டுக்கு 25 அடில தண்ணின்னு சொல்லுது. திரும்பவும் அதே கிணத்துல விழுந்தேன்! என்ன தப்புன்னு ரெண்டு நாள் புடிபடல. வாய்க்கால் தரை கீழ்க் கெணத்து மேட்டவிட 20 அடி ஒசரம், கெணத்துல தண்ணியோ 10 அடி பள்ளத்துல. வாய்க்காலுக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவுல காஞ்ச மண்ணு இருக்கு, வாய்க்கால் மேலருந்து சொட்டு சொட்டா விடுது, தொட்டுகிட்டு நிக்கல. தொட்டுகிட்டு இருந்தாத்தான் அதோட மட்டம் இதோட மட்டம். சொட்டற குழாய்க்கு அடில வாளி வெச்சா வாளில இருக்குற தண்ணி குழாய் ஒசரத்துலயா நிக்கும்?

அதனால மூணாவது தடவ மட்டத்த குடுக்காம கசிவ குடுத்தேன். வாய்க்கால் அடில இவ்வளவு தண்ணி எறங்குனா, பாறை இவ்வளவு கடத்தும்னா, ரெண்டு பக்கமும் எப்படி ஒரு திட்டு எழும்பும்னு டார்சிய வெச்சு ஒரு எளிய கணக்கு போட்டு, அந்த வடிவத்த அடியில விரிச்சுட்டு, அதுக்கும் நெசமா அளந்ததுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அத மட்டும் கிரிகிங்குக்குக் குடுத்தேன். இயற்பியலுக்குத் தெரிஞ்சத இயற்பியல் சொல்லட்டும், மிச்சத்த புள்ளியியல் பூசட்டும்னு. ஒவ்வொரு கெணத்தையும் ஒளிச்சு வெச்சுட்டு மத்ததெல்லாம் வெச்சு கணிச்சுப் பார்த்தா பிழை நல்லா கொறஞ்சிருந்துச்சு. ஒரு டீ குடிச்சுட்டு வந்து திரும்பப் பார்த்தேன், ஒளிச்சு வெச்ச கெணறும் பூரா வாய்க்காலுக்குக் கீழதான? நல்லா படிக்கற பசங்களுக்கு மட்டும் பரீட்சை வெச்சு ஸ்கூலே பாஸுன்னு சொல்ற மாதிரி.

அப்புறம் மே மாசம் வாய்க்கால் நின்னப்புறம் ஊருக்குப் போயி மாமாவோட டிவிஎஸ் எக்ஸெல்ல மேட்டுக்காடு மேட்டுக்காடா ரெண்டு நாள் சுத்தி 11 கெணறு அளந்தேன், எல்லாம் கரண்ட் இல்லாத நேரத்துல, மணியும் எழுதி. அதுல மூணுல தண்ணியே இல்ல. தண்ணியே இல்லாத கெணத்த என்ன எண்ணுன்னு எழுதறது? கெணத்து ஆழத்தையே எழுதுனா அது பொய், மட்டம் அதுக்கும் கீழ எங்கயோ. விட்டுட்டா மேப்பு அங்கயும் தண்ணி இருக்குற மாதிரி காட்டும், ஏன்னா பேசறதுக்குத் தண்ணி இருக்குற கெணறு மட்டும்தான் மிஞ்சும். "80 அடிக்குக் கீழ, எவ்வளவுன்னு தெரியாது"ன்னு எழுதி, அந்தப் பக்கம் மட்டம் இதுக்கு மேல இருக்காதுன்னு ஒரு வரம்பு மட்டும் வெச்சேன். கீழ இருக்குற கெணறுங்க ஜனவரில இருந்த மட்டத்துலருந்து நல்லா எறங்கிருந்துச்சு. மேட்டுக்காட்டுல வாய்க்கால ஒட்டி இருந்ததும் எறங்கிருந்துச்சு, தூரமா இருந்தது வாய்க்கால் நின்னதையே கண்டுக்கல. ஜனவரி மேப்புக்கு வாய்க்கால் வேணும், மே மேப்புக்கு வேற வடிவம் வேணும், ஒரே ஏரியா ஒரே பாறை, மாசம்தான் வேற.

ஒண்ணு சொல்லணும், இந்த மூணாவது மேப்ப பார்த்தா எனக்கு மொத மேப்பவிட பயம் அதிகமா இருக்கு. மொதல்ல போட்டது முட்டாள்தனம், ஆனா அதுல என் கருத்து ஒண்ணும் இல்ல. இதுல வாய்க்கால் கசிவு எவ்வளவு, பாறை எவ்வளவு கடத்தும்னு நான் குடுத்த எண்ணு உள்ள உக்காந்திருக்கு, அத கொஞ்சம் ஏத்துனா நீலக் கரை ஒரு ஊரு தாண்டி அகலமாகும், எறக்குனா வாய்க்காலோரத்தோட நின்னுக்கும். கான்கிரீட் வேணுங்கறவங்களும் வேண்டாங்கறவங்களும் இந்த ஒரே மேப்ப அவங்கவங்களுக்குத் தகுந்தாப்புல எடுத்துட்டுப் போயி மைக் முன்னாடி ஆட்டலாம், ரெண்டு பேருக்கும் அது சாட்சி சொல்லும். அதனால அந்த எண்ண மாத்தி மாத்தி போட்டு மூணு மேப்பு பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் இப்ப யாருக்கும் காட்டறேன். கேட்டவங்களுக்கு அது புடிக்கல, "எது சார் ஃபைனல்"னாங்க.

கூடவே கெணறே இல்லாத, இருந்தும் காஞ்சு கிடக்குற எடத்த கலரே அடிக்காம வெள்ளையா விட்டேன். வெள்ளையா இருந்தா ரிப்போர்ட் முடியாத மாதிரி இருக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு, சாம்பல் கலராவது அடிங்கன்னாங்க. அடிக்கல.

போன ஐப்பசில ப்ரிண்ட் எடுத்துட்டுப் போயி மாமாகிட்ட குடுத்தேன். இந்தத் தடவ வாய்க்கால தடியா நீலக் கோட்டுல போட்டிருந்தேன், அத விரலால தொட்டுத் தொட்டு மதகு மதகா பேரு சொல்லிட்டே போனாரு, கொஞ்ச நேரத்துக்கு மேப்புங்கறதையே மறந்துட்டாரு. மேட்டுக்காட்டுக்கு வந்து நின்னாரு. "இது என்ன வெறுமனே கிடக்குது?"

"அங்க எனக்குத் தெரியலீங் மாமா. கெணறெல்லாம் காஞ்சு கிடக்குது, கீழ வெடிப்பு எங்க ஓடுதுன்னு யாரும் பார்த்ததில்ல."

"அந்த எடத்துலதான் போர் போடலாம்னு இருக்கறேன்."

என்ன சொல்றதுன்னு தெரியல. போடுங்கன்னு சொல்ல என்கிட்ட ஒரு எண்ணும் இல்ல, போடாதீங்கன்னு சொல்லவும் இல்ல. ஏற்கனவே ஒருத்தர் தேங்காய உள்ளங்கைல வெச்சுகிட்டு நடந்து எடம் குறிச்சுக் குடுத்துட்டுப் போயிருந்தாரு, சுண்ணாம்புல வட்டம் போட்டிருந்துச்சு, என்னோட வெள்ளைத் திட்டுக்குள்ள சரியா அந்த வட்டம். ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்துச்சு, பின்னாடி கம்ப்ரசர் சத்தம். 640 அடி வரைக்கும் புகையாம், அப்புறம் கொஞ்சம் ஈரம், கடைசில ஒன்னேகால் இஞ்சு தண்ணியாம்.

"மாப்ள, உன்ற படத்துல ஒரு புள்ளி வெச்சுக்க. 870 அடி. அத்தைகிட்ட 600-ன்னு சொல்லிருக்கறேன், நீ ஒளறீராத."

புள்ளி வெச்சுட்டேன், கெணத்து ஷீட்ல இல்ல, போருக்குன்னு தனியா ஆரம்பிச்ச ஷீட்ல. இப்போதைக்கு அதுல ஏழு வரி இருக்கு.